புதன்கிழமைக் கூட்டம்

ஆங் மோ கியோ,
சிங்கப்பூர்,
11 ஜூலை 2024

அன்பு மகள் டானியலாவுக்கு,

நேற்று உன் அப்பன் டை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அசடு வழிந்தான். போனில் என் கரகரப்பு உனக்குப் பாதிதான் புரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

தொண்டையில் இருக்கும் கேன்சருக்கு என்ன வைத்தியம் என்பதைப் புதன்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்வார்கள் என்றார்கள். என் விஷயம்தானே, நானும் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன். பஸ் ஓட்டிய காலத்து ஷூவைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நேரே உள்ளே போய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். ஆறேழு டாக்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் பெரிதாக ஒரு தொண்டை. என்னுடையதாக்கும் என்று பயபக்தியோடு பார்த்தேன். வேறு யாருடையதோ.

ஃபஸீலா என்ற நர்ஸ் பிள்ளை மெதுவாக வெளியே கூட்டிவந்தது. "அங்கிள், இது டாக்டருங்க மட்டும் பேசுற மீட்டிங். ஸ்கேன் பாக்குறவர், ஆப்பரேஷன் பண்றவர், கதிர்வீச்சு வைக்கிறவர் எல்லாரும் ஒண்ணா உக்காந்து முடிவு பண்ணுவாங்க. உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க, நான் உள்ள சொல்றேன்."

"எதுவானாலும் ஓகே லா, மிஸ்ஸி" என்றேன். அவ்வளவு படித்தவர்களிடம் வேறென்ன சொல்வது? நோயாளிக்குத் தனி விருப்பம் இல்லை என்று அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டது.

கூட்டத்தில் ஒரே முடிவு வரவில்லையாம். சர்ஜன், குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்கிறார். எடுத்தால் கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு. என் குரல் போய்விடும். கதிர் டாக்டர், ஏழு வாரம் கதிர் வைத்துப் பார்க்கலாம் என்கிறார். இன்னொரு ஸ்கேன் எடுத்து, மாதக் கடைசியில் மறுபடி பேசுவார்கள். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா சிலுவைராஜ்


பெர்த்,
19 ஜூலை 2024

அன்புள்ள அப்பா,

டை விஷயத்துக்குச் சிரித்துவிட்டு, மீதியைக் காரில் உட்கார்ந்து படித்தேன்.

எதுவானாலும் ஓகே என்றால் என்னப்பா அர்த்தம்? நான் பெர்த்துக்குப் போகிறேன் என்றபோதும் இதைத்தான் சொன்னீர்கள். நம்பிக் கிளம்பிவிட்டேன். ஏர்போர்ட்டில் உங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அந்த டாக்டர்களுக்கு உங்கள் முகம் எங்கே தெரியும்? தாளில் இருப்பதுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் இருபது வருடமாகப் பைபிள் வாசகம் வாசிக்கிறவர் நீங்கள். குரல் வேண்டும் என்று சொல்லுங்கள். இன்றைக்கே ஃபஸீலாவைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

டானி


ஆங் மோ கியோ,
5 ஆகஸ்ட் 2024

அன்பு மகளுக்கு,

நீ சொன்னபடியே ஃபஸீலாவிடம், "எனக்குக் குரல் வேணும்மா" என்று கேட்டேன். எழுபது வயதில் மிட்டாய் கேட்ட மாதிரி வெட்கமாக இருந்தது. முன்பு எழுதியதை அடித்துவிட்டு அந்தப் பிள்ளை இதை எழுதிக்கொண்டது.

போன புதன்கிழமை மறுபடி கூடினார்கள். இன்று காலை போனில் நான் சொன்னது உனக்கு எவ்வளவு புரிந்ததோ, அதனால் திரும்ப எழுதுகிறேன். என் விருப்பத்தைத்தான் முதலில் வாசித்தார்களாம். கதிர் டாக்டர் எனக்காக ரொம்ப நேரம் பேசினாராம். ஆனால் புது ஸ்கேனில், கட்டி குருத்தெலும்பைத் தின்று வெளியே வந்திருக்கிறது. இனி கதிர் வைத்தால் கட்டியும் போகாது, குரலும் தேறாது என்று கடைசியில் அவரே சொல்லிவிட்டார். நாளைக் காலை ஆப்பரேஷன். பிறகு ஏதோ கருவி வைத்துப் பேசப் பழக்குவார்கள். அது என் குரலாக இருக்காது.

"இன்னிக்கே ஃப்ளைட் பிடிச்சு வரட்டுமாப்பா?" என்று கேட்டாய். அங்கே மழையா என்று கேட்டேன். "மழைதான்பா. வரட்டுமா?" என்றாய். புது வேலையில் லீவு கேட்காதே, கோவில்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கோவிலில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரே ஓர் எழுத்து, டானி. இந்தத் தொண்டைக்குக்கூட அது கஷ்டமில்லை. கடிதம் உன் கைக்கு வரும்போது எனக்கு அதைச் சொல்லக் குரல் இருக்காது.

வா.

அப்பா