ஜீப்புக்கு வைத்த பொட்டு

என்னங்க,

இன்று ஆயுத பூஜை. உங்கள் தம்பி ஜீப்பைக் கழுவி வாசலில் நிறுத்திவிட்டு, சந்தனக் கிண்ணத்தையும் விளக்குக்கு நல்லெண்ணெய்ச் சீசாவையும் என் கையில் கொடுத்தார். அந்த எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கை ஓடவில்லை. பூஜை முடிந்த கையோடு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்த நீங்கள், பட்டாளம் கழித்துப்போட்ட இந்த ஜீப்பை ஏலத்தில் எடுத்துவந்த அன்று தெருவே கூடி டயரைத்தான் பார்த்தது. கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டு, யானையே ஏறினாலும் தாங்கும் போல இருந்தது. நானும் பூரித்துப்போனேன். நீங்கள் மட்டும் குந்தி உட்கார்ந்து, டயரின் பக்கவாட்டை நகத்தால் அழுத்திக்கொண்டே இருந்தீர்கள். பெண் பார்க்க வந்தபோது என்னைக்கூட இவ்வளவு நேரம் பார்க்கவில்லையே என்று சீண்டினேன்.

சேற்றில் போவதற்காகச் செய்த டயர் அது, மழையில் நனைந்த தார் ரோட்டில் பிடிமானம் இருக்காது என்றீர்கள். போதாததற்குப் பல வருஷம் கிடங்கில் கிடந்து ரப்பர் இறுகி, மெல்லிய வெடிப்புகள் விட்டிருந்தன. தேயாத டயரெல்லாம் நல்ல டயர் ஆகிவிடாது என்றீர்கள். டயர் கடைத் தவுக்கே, அந்தச் சீன முதலாளியும், மலாயில் அதையேதான் சொன்னாராம். நாலும் ஒரே மாதிரியான ரோட்டு டயர் வந்து இறங்க ஒரு வாரம் ஆகும். அதுவரை வெடிப்புள்ள இடங்களிலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு, வட்டம் இருக்கும்வரை வண்டியைத் தொடாதே என்று தம்பியிடம் சொல்லிவைத்தீர்கள். வட்டம் எதற்கென்று என்னிடம் சொல்ல உங்களுக்குத் தோன்றவில்லை. வீட்டுக்காரிக்கு எதற்கு டயர் சமாச்சாரம் என்று நினைத்திருப்பீர்கள்.

அந்த வாரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள். பூஜைக்கு நிற்கிற வண்டியில் என்ன கிறுக்கல் என்று வட்டங்களை எல்லாம் துடைத்தேன். அதோடு விட்டேனா? நாலு டயருக்கும் நல்லெண்ணெய் தடவித் தேய்த்தேன். அப்படி ஒரு பளபளப்பு.

மத்தியானம் வந்த தம்பி, வட்டம் இல்லை, டயரும் மின்னுகிறது, மாற்றியாகிவிட்டது என்று கட்டைகளைக்கூடக் கவனிக்காமல் நினைத்துவிட்டார். நம் ஆறு வயது மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். புக்கிட் தீமா ரோட்டில் மழை பிடித்தது. பிரேக்கை மிதித்ததும் ஜீப் வழுக்கிச் சுழன்று, பெரிய கால்வாயின் விளிம்பில் முன்சக்கரம் தொங்க நின்றது. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

சாயங்காலம் நீங்கள் வந்ததும் தம்பி பாய்ந்தார். வட்டத்தை யார் அழித்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"நான்தாண்டா துடைச்சேன். பூஜைக்கு அசிங்கமா இருந்துச்சு."

எண்ணெய் வாசம் போகாத கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். அவர் போனபிறகு, மகளை மடியில் வைத்துக்கொண்டு, நீங்கள் திட்டுவதற்காகக் காத்திருந்தேன். "டயருக்குப் பொட்டு மட்டும் வை. எண்ணெய் வேணாம்" என்றதோடு சரி.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம்! வீட்டில் விசேஷம் என்றால் போதும், தான் போட்ட வட்டத்தைத் தானே துடைத்த ஃபிட்டர் என்று நாலு பேர் முன்னால் தம்பி உங்களைக் கிண்டல் செய்வார். பட்டறையில் ஒரு திருகாணியைக்கூடத் தப்பவிடாத மனிதர் நீங்கள், சிரித்துக்கொண்டே சோறு பிசைவீர்கள். நான் கோழை. ரசம் ஊற்றிக்கொண்டு சும்மா நிற்பேன்.

நீங்கள் போனபின் இது மூன்றாவது பூஜை. காலையில் தம்பி பழைய நினைப்பில் அதே கேலியை ஆரம்பித்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"தம்பி, அன்னைக்கு வட்டத்தைத் துடைச்சது நான். எண்ணெய் தடவுனதும் நான்தான்" என்றேன்.

அவர் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயர்மேல் கை வைத்தபடி நின்றார்.

"அண்ணன் கடைசிவரைக்கும் சொல்லலையே, அண்ணி. நானும் கடைசிவரைக்கும் கேலி பண்ணிட்டேனே."

அவர் அழட்டும் என்று விட்டுவிட்டேன். விளக்குக்கு ஊற்றியதுபோக மிச்ச எண்ணெயை உள்ளே வைத்துவிட்டு வந்து, நாலு டயரையும் குனிந்து நகத்தால் அழுத்திப் பார்த்தேன். எங்கும் வெடிப்பு இல்லை. ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தடவி, குங்குமம் வைத்தேன். நீங்கள் போன நாளிலிருந்து என் நெற்றியில் பொட்டு இல்லை. உங்கள் ஜீப்புக்கு மட்டும் நீங்கள் சொன்னபடியே வைத்துக்கொண்டிருக்கிறேன்.