அருளானந்து பெயரைச் சொன்ன நாள்

சேசு மரி சூசை துணை

ஆவூர்,
புதுக்கோட்டைச் சமஸ்தானம்,
10-12-1943

தங்கவயலில் இருக்கும் என் பிரியமுள்ள அண்ணன் சூசைராஜுக்கு, தங்கை இன்னாசியம்மாள் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இங்கே மழை பரவாயில்லை, கண்மாய் பாதிக்கு மேல் பெருகியிருக்கிறது. மண்ணெண்ணெய்தான் கிடைப்பதில்லை. பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அண்ணி தவறிப்போன பிறகு வருகிற முதல் கிறிஸ்துமஸ், ஊருக்கு வரப் பிடிக்கவில்லை, யார் முகத்திலும் விழிக்காமல் அறையில் படுத்துக் கிடக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இனிமேல் என்னைப் பற்றி யாருக்கும் கவலை இருக்காது என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் நடந்ததை உங்களிடம்கூட மறைத்தேன். இனி மறைக்கக் கூடாது.

என் வீட்டுக்காரர், உங்கள் மாப்பிள்ளை, யுத்தத்துக்குத் தப்பி ரங்கூனிலிருந்து கால்நடையாக வந்து சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். கூடப் புறப்பட்ட அவருடைய தம்பி அருளானந்து வரவில்லை. தம்பி வழியில் காய்ச்சலில் இறந்துபோனான் என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடுவார். வந்த புதிதில் வயல் வேலைக்குப் போனார். கார்த்திகை பிறந்ததும் அதுவும் நின்றது. விழித்துக்கொண்டே பாயில் கிடப்பார். தாடி மண்டிப்போனது. தெருவில் பிள்ளைகள் வெடி போட்டால் சுவரோடு ஒண்டிக்கொள்வார். ரங்கூனில் குண்டு விழுந்ததும் கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் என்பது என் புத்திக்கு அப்போது எட்டவில்லை.

நல்ல நாள் வந்தால் தெளிந்துவிடுவார் என்று நினைத்தேன். புது வேட்டி எடுத்து வைத்தேன், அதிரசம் சுட்டேன். பார்க்க வந்தவர்களெல்லாம், உயிரோடு திரும்பி வந்தவன் சந்தோஷமாக இருக்க வேண்டாமா என்று அவரைக் கேட்டுவிட்டுப் போனார்கள். நானும் பொறுமை இழந்து, "நல்ல நாளும் அதுவுமா இப்புடியா ஒக்காந்திருக்கிறது?" என்று சடைத்துக்கொண்டேன். "நீ போயிட்டு வா இன்னாசி" என்றார். நான் பூசைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது வீட்டில் ஆளில்லை. புது வேட்டி மடிப்புக் கலையாமல் பாயின்மேல் கிடந்தது. என்னவோ தோன்றிக் கண்மாய்க்கு ஓடினேன். கரையில் தலைமுழுக நனைந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாடு மேய்க்கிற வீரய்யா.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்த வீரய்யா, நீச்சல் தெரியாத இவர் கழுத்தளவுத் தண்ணீரில் இன்னும் உள்ளே போவதைப் பார்த்திருக்கிறார். சத்தம் போடாமல் நீந்திப் போய்க் கையைப் பிடித்து, "தண்ணி குளுருதுங்க. கரைக்கு வாங்க, செத்த நேரம் ஒக்காருவோம்" என்று கூட்டி வந்திருக்கிறார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் துண்டைப் போர்த்திவிட்டுப் பேசாமல் கூட இருந்தார்.

நான் வந்ததை உங்கள் மாப்பிள்ளை கவனிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி அவராகவே பேச ஆரம்பித்தார். "அருளானந்துக்கு நடக்க முடியல. மரத்தடியில ஒக்கார வச்சிட்டுத் தண்ணி தேடிப் போனேன். திரும்பி வாரப்ப கூட நடந்து வந்த கூட்டம் கெளம்பிருச்சு. அவனுக்கு உசுரு இருந்துச்சுய்யா. நான் கூட்டத்தோட வந்துட்டேன்" என்றார். ஊருக்கு வந்ததிலிருந்து தம்பியின் பெயரை அவர் வாயால் சொன்னது அன்றுதான். சொல்லிவிட்டு மாடு கதறுவது போல அழுதார்.

அண்ணே, அந்தப் பாரத்தை நெஞ்சில் வைத்திருந்த மனிதரிடம் நான் அதிரசம் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் கேட்டிருக்கலாம். இந்த வருத்தம் என்னோடேதான் இருக்கும்.

அவருக்குக் குணமாகிவிட்டது என்று எழுத மாட்டேன். சில நாள் இன்னும் எழுந்திருக்க மாட்டார். ஆனால் இப்போது வாய்விட்டுச் சொல்கிறார். இந்த மாதம் பிறந்ததும், "எனக்குப் பயமா இருக்கு இன்னாசி, என்னையத் தனியா விட்ராத" என்றார். அருளானந்து ஆத்துமத்துக்காக வருகிற வாரம் ஒரு பூசை வைக்கப் பங்குச் சாமியார் சம்மதித்திருக்கிறார். திருநாளன்று விருந்தாளி யாரும் வேண்டாமென்று சொல்லிவிட்டோம். கோவிலுக்குப் போய்க் கடைசியில் நிற்போம். அவரால் முடியாவிட்டால் பாதியில் வந்துவிடுவோம். பிறகு அவர் வீரய்யாவோடு மாடு ஓட்டிப் போவார். எங்களுக்கு அதுதான் திருநாள்.

நீங்களும் இங்கே வந்து இருங்கள். யாரும் உங்களைச் சிரிக்கச் சொல்ல மாட்டோம். அண்ணியைப் பற்றிப் பேசவேண்டும் என்றால் பொழுதுக்கும் பேசுங்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பேசப் பிடிக்காவிட்டால் சும்மா இருங்கள்.

உங்கள் கடிதத்தை அவருக்கும் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் எழுந்து போய்ச் சவரம் செய்துகொண்டு வந்து, தங்கவயலுக்கு எந்த ரயில் என்று கேட்டார். ரங்கூனிலிருந்து வந்த பிறகு அவர் ஊர் எல்லையைத் தாண்டியதே இல்லை. இதை இன்றைத் தபாலிலேயே சேர்க்கிறேன்; அவர் நாளைக் காலையில் திருச்சிராப்பள்ளிக்குப் போய் ரயில் ஏறுகிறார். இந்தத் தடவை பாதி வழியில் யாரையும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறார்.

தேவமாதா உங்களைத் தன் கையில் வைத்துக் காக்கட்டும். அவர் வந்து சேருகிற வரைக்கும் இருங்கள், அண்ணே.

உங்கள் தங்கை,
இன்னாசியம்மாள்