காணிக்கைகளுக்கு நடுவே ஒரு பேசின் மண்

என் அன்புத் தோழிக்கு,

பக்கத்து வளவில் வீடு கட்டுகிறார்கள். நேற்றிலிருந்து ஒரு பெக்கோ இயந்திரம் வந்து மேட்டை வெட்டிக்கொண்டிருக்கிறது. அம்பிட்டியவில் சமநிலம் ஏது? வீடு வேண்டுமென்றால் மலையைத்தான் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். இன்று காலை சமையலறை யன்னலைத் திறந்ததும் வெட்டிய ஈரமண்ணின் வாசம் உள்ளே வந்தது. பலருக்கு அது நல்ல வாசம். எனக்கு அப்படியில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உனக்கு நாலு வரி எழுதினால்தான் எழுந்திருக்க முடியும் போலிருந்தது.

நாம் போட்ட சண்டைகளில் பாதி இந்த மலைகளைப் பற்றியதுதான். கண்டி டவுனில் அந்தப் பாமசியில் மருந்து கொடுக்க ஒரே கவுண்டரில் நின்றோமே, அப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல்மாடி யன்னலோரத்தில் உட்காருவோம். ஹந்தானை மலைப் பக்கமிருந்து மழை இறங்கி வருவது அங்கிருந்து நன்றாகத் தெரியும். நீ சோற்றுப் பார்சலை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

"யாரோ நம்மளப் பார்க்க வர்ற மாதிரி இல்ல?" என்பாய்.

"மழை வருது. கொடியில துணி கெடந்தா நனையும். அவ்வளவுதான்," என்பேன்.

நானும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் எனக்குக் கடவுள் என்றால் பிரசங்கம், பாட்டு, முழங்காலில் நிற்பது. அதற்கு மேல் அவரை வெளியில் தேடி அலையும் பொறுமை எனக்கு இருந்ததில்லை. நீ மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துக்குள் பிறந்து வளர்ந்தவள். சிலந்தி வலை, பலாப்பிஞ்சு, கொழுந்தில் நிற்கும் பனித்துளி, எதைப் பார்த்தாலும் அதைப் படைத்தவர் பக்கம் பேச்சைத் திருப்பிவிடுவாய். சில நாட்களில் எனக்கு எரிச்சலாகக்கூட வரும்.

ஒருமுறை உன் அண்ணன் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனாய். மலையடிவாரத்தில் அவர் தானே கட்டிய சின்ன வீடு. போகும் வழியிலேயே என் காலில் அட்டை ஏறிவிட்டது.

"இந்த அட்டையும் கடவுளத்தான் காட்டுதோ?" என்று கத்தினேன்.

"ஆமா. அதுக்குப் பசியும் குடுத்து, உன்னையும் இந்தப் பக்கம் அனுப்பி வச்சிருக்காரே!"

உன் அண்ணன் சிரித்துக்கொண்டே உப்புப் போத்தலோடு ஓடி வந்தார். "வாங்க தங்கச்சி, இந்தக் கதிரையில உக்காருங்க. உப்பு வச்சா தானா விழுந்துரும். இவ இப்பிடித்தான், சின்னதுல இருந்தே எல்லாத்தையும் பார்த்து வாயத் தொறந்துகிட்டு நிப்பா," என்றார். வீட்டுக்குப் பின்னால் மலை பச்சைப் பசேலென்று நின்றது. அன்று அதை நான்கூடக் கொஞ்சம் ரசித்தேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் நீ விடமாட்டாய்.

அந்த மலைதான் பிறகு இறங்கி வந்தது. நாட்கணக்காக விடாமல் பெய்த மழைக்குப் பிறகு மண்சரிவு. அண்ணியும் பிள்ளைகளும் பாதுகாப்புக்காக முன்பே பாடசாலையில் போய்த் தங்கிவிட்டதால் பிழைத்தார்கள். கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று உன் அண்ணன் திரும்பிப் போனாராம். மாடு வந்தது, அவர் வரவில்லை.

அதன்பிறகு நீ மேல்மாடியில் யன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாய். மழை வந்தால் எழுந்து கீழே போய்விடுவாய். கோயிலில் பலர் உன் கையைப் பிடித்து, "எல்லாம் அவரோட சித்தம்" என்றார்கள். நீ தலையை ஆட்டினாய். எனக்கு அவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு பயமும் இருந்தது. மலையிலும் மழையிலும் கடவுளைக் கண்டவள் நீ. அந்த மலையும் மழையுமே உன் அண்ணனைக் கொண்டுபோய்விட்டால், அவரோடு உன் கடவுளும் மண்ணுக்குள் போய்விடுவாரோ? நீ பேசாமல் சாப்பிடும் ஒவ்வொரு மத்தியானமும் எனக்கு அந்த நினைப்புத்தான். பழையபடி என்னை எரிச்சல்படுத்து என்று கெஞ்ச வேண்டும் போலிருந்தது.

அந்த வருடத்து அறுவடைப் பண்டிகைக்கு நீ வரமாட்டாய் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வந்தாய். ஈரப்பலாக்காய், பூசணி, கித்துள் கருப்பட்டி, வாழைக்குலை என்று பீடத்துக்கு முன்னால் அவரவர் காணிக்கை குவிந்து கிடந்தது. நீ ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசினை அவற்றுக்கு நடுவே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். உள்ளே வெறும் மண். ஓரத்தில் காட்டுச் செடி ஒன்று முளைவிட்டிருந்தது.

ஆராதனை முடிந்ததும் ஏலம் தொடங்கியது. நம் சபையின் ஜெபமணி அண்ணன் ஏலம் போட்டால் சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது. ஒரே பூசணியை நாலு பேர் வாங்கி, நாலு பேரும் திரும்பக் காணிக்கையாகக் கொடுத்து, கடைசியில் அது யாருடையது என்றே தெரியாமல் போகும். அந்த உற்சாகத்திலேயே அவர் உன் பேசினையும் தூக்கிவிட்டார்.

"இங்க பாருங்க, அசல் மலை மண்ணு! ரோசா வச்சா அப்பிடியே பூத்துக் கொட்டும். யாரு கேக்குறீங்க?"

பின்வரிசையில் ஒருவர் கேட்டார். இன்னொருவர் ஏற்றினார். நீ எழுந்து நின்றாய்.

"அண்ணே, அத ஏலம் போடாதீங்க. எங்கண்ணன மூடுன மண்ணு அது. நான் நன்றி சொல்றதுக்குக் கொண்டு வரல. முறைப்பாடு சொல்றதுக்குக் கொண்டு வந்தேன்."

ஜெபமணி அண்ணனின் முகம் செத்துப்போய்விட்டது. பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பீடத்துக்கு முன் வைத்ததெல்லாம் ஏலத்துக்குத்தான் என்பது நம் வழக்கம். முறைப்பாடு வைக்க நம் கோயிலில் தனியாக ஓர் இடம் இல்லையே. அப்போதுதான் போதகர் இறங்கி வந்தார். பேசினை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு போய், படிக்கட்டில் அல்ல, பீடத்தின் மேலேயே, சிலுவைக்குப் பக்கத்தில் வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும்," என்றார். ஜெபமணி அண்ணன் அடுத்து ஒரு வாழைக்குலையைத் தூக்கினார்.

வெளியே முற்றத்தில் பிளேன்டீ குடிக்கும்போது உன்னிடம் கேட்டேன்: "கடவுள் மேல கோவமாடி?"

"கோவந்தான். மொதல்ல மலையத்தான் திட்டிப் பார்த்தேன் புள்ள. அதுக்கு எங்க காது? அதுவும் என்னைய மாதிரி படைக்கப்பட்டதுதானே, மழை தாங்க முடியாம விழுந்திருச்சு. அப்ப அதப் படைச்சவருகிட்டதான் கேக்கணும்."

அந்தப் பதிலில் என் பயம் போய்விட்டது. முன்பு மலையின் அழகு உன்னை அவரிடம் அனுப்பியது. இப்போது அதன் உடைசல் அனுப்பியிருக்கிறது. உன் வழி மாறவேயில்லை. அன்று நான் அழுததைப் பார்த்து, தேநீர் சுட்டுவிட்டதா என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

பிறகு மெல்ல மெல்ல யன்னல் பக்கம் திரும்பி உட்காரத் தொடங்கினாய். முறைப்பாட்டுக்குப் பதில் வந்ததா என்று ஒருநாள் கேட்டதற்கு, "இன்னும் இல்ல. ஆனா காது குடுத்துகிட்டுத்தான் இருக்காரு," என்றாய்.

நோய் உன்னைப் படுக்கையில் போட்ட கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தலையைத் தூக்க உன்னால் முடியவில்லை. "மலை தெரியுதா? என்ன செய்யுது?" என்று என்னைக் கேட்டாய். எனக்கு இதெல்லாம் சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் யன்னலுக்குப் போய்ப் பார்த்துச் சொன்னேன்.

"பாதி மேகத்துக்குள்ள இருக்கு. கீழ யாரு வீட்டுலயோ புகை போகுது. ஒரு பக்கம் மட்டும் வெயில் விழுந்து பச்சையா தெரியுது."

"அழகா இருக்கா?"

இத்தனை வருடங்களில் அந்தச் சொல்லை உனக்கு நான் ஒருநாளும் தந்ததில்லை. "அழகா இருக்குடி. பார்க்கப் பயமாவும் இருக்கு," என்றேன்.

"ரெண்டையும் அவருகிட்ட சொல்லு," என்றாய்.

சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். தினமும் காலையில் மலையைப் பார்த்துக்கொண்டு, அதைப் படைத்தவரிடம் அழகையும் சொல்கிறேன், பயத்தையும் சொல்கிறேன். முழங்காலில் நின்று சொன்னதைவிட இப்படி நின்று சொன்னதே அதிகம். நீ போனபிறகு மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. நீ இல்லையே என்பது அது. அதற்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. முறைப்பாடாகவே வைக்கிறேன்.