அடுப்படி ஆணியில் தொங்கிய மூடி

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அத்தை நலம். கையில் சின்னக் கொப்புளம்தான்.

திங்கள் காலை வாணலி எண்ணெய் குப்பென்று பற்றிக்கொண்டது. அவள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டாள். நானும் ஊற்றச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போதுதான் சுவரில் நீ ஒட்டிய தாள் கண்ணில் பட்டது: "எண்ணெய்த் தீக்குத் தண்ணி ஊத்தாதீங்க. அடுப்ப அணைச்சு, மூடி போடுங்க." பக்கத்து ஆணியிலேயே மூடி. அவளைத் தடுத்து, அடுப்பை அணைத்து, மூடியை எடுத்து மூடினேன். தீ அடங்கியது.

பாத்திரக் கடைக்காரன் வீட்டில் சரக்கு சும்மா தொங்குவதா என்று, அந்த மூடியை மூன்று தடவை கடைக்குத் தூக்கிப்போனவன் நான். "இது வீடா, என் கடைக்குக் கிளையா?" என்று கிண்டல் வேறு. மூன்று தடவையும் நீ திரும்பக் கொண்டுவந்து மாட்டினாய். நாலாவது தடவை நான் கத்திய கத்தலில்தான் நீயும் என் மகனும் தனிக்குடித்தனம் போனீர்கள். "மருமக மாட்டினதத் தொட்டா உங்களுக்குச் சோறு கிடையாது" என்று உன் அத்தை சொன்னதால் மூடி தப்பியது.

அவள் இன்று உயிரோடு இருப்பது உன்னால். நன்றி, அம்மா.

போகும்போது நீ மேஜையில் வைத்துவிட்டுப் போன வாசல் சாவியை இதோடு அனுப்பியிருக்கிறேன். வரும்போது மணியடிக்காதே. நீயே திறந்துகொண்டு வா.

உன் மாமா