ஸ்விட்சில் ஓர் அதிகப்படி கேபிள்

அக்டோபர் 2004, வெள்ளி இரவு. பட்டுக்கோட்டை.

கொஞ்ச நாளாகவே என் பிரௌசிங் சென்டரில் நெட் இழுத்துக்கொண்டிருந்தது. துபாயில் இருக்கும் கணவரோடு பேச வரும் பெண்கள், பாதியில் குரல் அறுந்து, அழுதபடி எழுந்து போனார்கள். "டெலிபோன் லைன்ல கோளாறு லாத்தா" என்றான் என் தம்பி சலீம். நம்பினேன். கடைக்கு வயர் இழுத்தவனே அவன்தான்.

இன்று மதியம் சாப்பாட்டுக்காகப் பூட்டும்போது எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்தேன். அவற்றையெல்லாம் மோடத்தோடு இணைக்கிற ஸ்விட்ச் பெட்டியில், மோடத்தின் விளக்கு மட்டும்தான் எரிய வேண்டும். இன்னொன்றும் மினுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். அலமாரிக்குப் பின்னால் சுவரைத் துளைத்து, அது மாடிக்கு ஏறியது. மாடியில் சலீமின் மச்சான் புதிதாகத் திறந்த சென்டர் இருக்கிறது.

பிடுங்கிவிட்டேன். மேலே கூச்சல். சலீம் இறங்கி ஓடி வந்தான். என் கையில் கேபிளைப் பார்த்து நின்றுவிட்டான்.

"அந்தப் பொம்பளைங்க அழுததை நீயும்தானே பார்த்தே?"

அவன் கேபிளுக்குக் கை நீட்டினான். "இன்னைக்கு மட்டும் போட்டு விடுங்க லாத்தா. மேல ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க" என்றான்.

நான் போடவில்லை.

சாயங்காலம், அப்படி அழுதுபோனவர்களில் ஒருத்தியான நூர்ஜஹான் வந்தாள். கணவரோடு அறுபடாமல் பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

"உங்க தம்பி சரி பண்ணிட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ, தெரியவில்லை. சலீம் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.