காவி வேட்டியால் வந்த பொறுப்பு

தாம்பரம்,
29.8.94

அன்புள்ள பவுனுக்கு, நான் சுகம். உன் இருமல் விட்டதா? அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

நேற்று லீவு. அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல், திருவான்மியூரிலிருந்து கடலோரமாகவே கோவளம் வரை நடந்தேன். பயப்படாதே, நன்றாகத்தான் இருக்கிறேன். வழியில் ஓர் அலை செருப்பைக் கொண்டுபோய்விட்டது. மணல் சுட்டுக் காலெல்லாம் கொப்புளம். தலை சுற்றி, ஒரு மீனவர் குப்பத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அழுக்குத் தெரியாதே என்று காவி வேட்டி கட்டியிருந்தேன். அதையும் வெறுங்காலையும் பார்த்துக் கங்கையம்மாள் என்ற அம்மா ஓடிவந்தார்.

"வேளாங்கண்ணிக்கா நடந்து போறே? இன்னா வெயிலுப்பா!"

இல்லை என்று சொல்வதற்குள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டார். அடுப்பில் மீன் குழம்பு கொதித்தது. விரதக்காரன் என்று எனக்குக் கஞ்சியும் ஊறுகாயும்தான் தந்தார்! கிளம்பும்போது, "என் மவ மாசமா கீறா. நல்லபடியா பெத்துக்கணும்னு மாதாகிட்ட சொல்லிடுப்பா" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

நீ நாகப்பட்டினத்தில் இருப்பதால் பிழைத்தேன். திருவிழா முடிவதற்குள் வேளாங்கண்ணி போய், அந்தப் பெண்ணுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிடு. பரணில் என் பழைய செருப்பு இருக்கும், யாரிடமாவது கொடுத்தனுப்பு. கூடவே நாலு வரி எழுதி வை.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. குழந்தை பிறந்ததும் பார்க்கப் போக வேண்டும். இந்த ஊரில் நான் போய்க் கதவைத் தட்ட ஒரு வீடு கிடைத்துவிட்டது, பவுனு.

உன்,
தசரதன்