மூன்று கால்

எழுந்ததும் வழக்கம்போல முயலைக் கூண்டிலிருந்து திறந்து விடாதீர்கள். பின்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றவே மாட்டேன் என்கிறது. நேற்று உங்கள் மடியிலிருந்து துள்ளி விழுந்ததே, அப்போது பட்ட அடிதான். "நொண்டுதுங்க" என்றேன். "நீ பிடிச்ச முயலுக்கு மூணே காலு, உன்கிட்ட யாரு பேசுறது" என்று சிரித்துவிட்டுத் தூங்கப் போனீர்கள். இப்போது வந்து எண்ணிப் பாருங்கள்.

பதினொரு மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். துண்டில் சுற்றி, பின்பக்கத்தைக் கையால் தாங்கித் தூக்குங்கள். காதைப் பிடிக்க வேண்டாம். திமிறி உதைத்தால் முதுகெலும்பே முறியுமாம். காலையிலிருந்து ஒரு வாய் புல் தின்னவில்லை, கூண்டுத் தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. இதைக் கட்டாயம் சொல்லுங்கள். தின்னாமல் இருந்தால் கால் அடியைவிட அதுதான் ஆபத்து என்று டாக்டர் போனில் சொன்னார்.

உங்கள் சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. வண்டிச் சாவி செருப்பு அலமாரியில்.

பாப்பாவுக்கு இன்னும் தெரியாது. முயல் தூங்குகிறது என்று சொல்லிப் பள்ளிக்கு அனுப்பினேன். மூன்றரைக்கு வருவாள். என்ன ஆயிற்று என்று கேட்பாள். நீங்களே சொல்லுங்கள், நான் சொல்ல மாட்டேன்.

எழுத மறந்தது: துண்டு உங்களுடையதாக இருக்கட்டும். என் துண்டை வைத்துப் பார்த்தேன், நடுங்குகிறது. உங்கள் வாசனைக்குத்தான் அடங்கும்.